தானே கூடி நாற்காலி ஆகும் ரோபோ: காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

சின்னச் சின்னக் கட்டைகள் தாமாக உருண்டு வந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நாற்காலியாக எழுந்து நிற்கும் வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். கிண்டியில் எம்பெடட் வேலை (கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு புரோகிராம் எழுதுவது) பார்க்கிறேன், கடைசி வருட ப்ராஜெக்ட் சமயம் வந்தால் போதும், "சார், இதையே செஞ்சு தர்றோம்னு பெரிய தொகை கேக்கறாங்க, கட்டலாமா?" என்று யாராவது வந்துவிடுகிறார்கள். கட்டாதீர்கள். அந்த மாதிரி வீடியோக்களில் பெரும்பாலானவை கிராபிக்ஸ்.

அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று சொல்லவில்லை. 2014-இல் ஹார்வர்டில் ராதிகா நாக்பால் குழு கிலோபாட் என்ற குட்டி ரோபோக்கள் 1024-ஐ மேசைமேல் விட்டுக் காட்டியது. ஒவ்வொன்றும் 33 மில்லிமீட்டர் அகலம், நகர்வதற்குச் சக்கரம் கிடையாது, செல்போனில் இருப்பது போன்ற இரண்டு அதிர்வு மோட்டார்தான். உருவாக வேண்டிய வடிவத்தின் படத்தை எல்லா ரோபோக்களுக்கும் முதலிலேயே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மேலிருந்து யாரும் ஓட்டுவதில்லை. நான்கு ரோபோக்கள் ஆரம்பப் புள்ளியாக நிற்க, மற்றவை பிராகாரம் சுற்றுவது போலக் கூட்டத்தின் ஓரமாகவே ஊர்ந்து, பக்கத்தில் இருப்பவற்றோடு இன்ஃப்ராரெட்டில் (கண்ணுக்குத் தெரியாத ஒளியில்) பேசித் தூரம் கணக்கிட்டு, தன் இடம் வந்ததும் நின்றுவிடும். ஒரு நட்சத்திரம் உருவாகச் சுமார் 12 மணி நேரம். அதுவும் தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல்!

ஒட்டுவதுதான் உண்மையான தலைவலி. அமெரிக்காவின் எம்ஐடி செய்த எம்-பிளாக்ஸ் (2013) கனசதுரங்களுக்குள் நிமிடத்துக்கு 20,000 சுற்று வரை சுழலும் சக்கரம் இருக்கிறது. சட்டென்று பிரேக் போட்டால் கட்டையே துள்ளிப் புரளும், காந்தம் பிடித்துக்கொள்ளும். சரி, அந்தக் காந்தத்தை நம்பி ஓர் ஆள் உட்கார முடியுமா? பிடி பலமாக இருந்தால் பிரிந்து நகர முடியாது, லேசாக இருந்தால் எடை தாங்காது. போதாததற்கு ஒவ்வொரு கட்டைக்கும் தனி பேட்டரி.

ஆகவே விற்க வருபவரிடம் வெட்டு ஒட்டு இல்லாத முழு வீடியோ கேளுங்கள், எத்தனை மடங்கு வேகமாக ஓட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள், மேலே கேமரா வைத்து ஒரே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நகர்த்துகிறதா என்றும் கேளுங்கள். மாணவர்களுக்கு: சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் அதிர்வு மோட்டாரும் இன்ஃப்ராரெட் சென்சாரும் வாங்கி, ஐந்து ரோபோவை யாரும் ஓட்டாமல் நேர்வரிசையில் நிறுத்திக் காட்டினாலே வைவாவில் பேச நிறைய இருக்கும்.