தன்னெதிர்ப்பு நோயாளிகளுக்கு மிளகாய் இல்லாத பன்றிக்கறி

முடக்குவாதம், ஹாஷிமோட்டோ தைராய்டு, சொரியாசிஸ், குரோன் குடல் நோய் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுக்கு மருந்து எடுத்துவரும் பலர், யூடியூபில் பார்த்த ஏ.ஐ.பி. (Autoimmune Protocol) எனும், பல உணவுகளை விலக்கிப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கும் உணவுமுறையைத் தாங்களாகவே தொடங்கிவிட்டு, உடல் மெலிந்து வாய் செத்துப்போன நிலையில் உணவியல் ஆலோசகர்களைத் தேடி வருகிறார்கள். கோவை, ஈரோடு பக்கம் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "காரமில்லாம எப்படிங்க சோறு எறங்கும்?" என்பதுதான். அந்த முறையில் சோறே கிடையாது என்பதை அதற்குப் பிறகுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் கட்டத்தில் தானியம், பருப்பு, பால், நெய், முட்டை, கொட்டை, விதை ஆகிய அனைத்தும் விலக்கப்படுகின்றன. மிளகாய், தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவையும், மல்லி, சீரகம், சோம்பு, கடுகு, மிளகு ஆகியவையும் கூடாது. சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, வரமிளகாய் என்று மூன்றே பொருளை நம்பி நிற்கும் பள்ளிபாளையம் வறுவலில் மிளகாயை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் பலர் உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த கோழியிலேயே நாளைக் கடத்திவிட்டுப் பாதியில் கைவிடுகிறார்கள்.

இந்த முறைக்கான சான்றுகள் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குடல் அழற்சி நோயாளிகள் 15 பேரை வைத்து 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறாவது வாரத்தில் 11 பேருக்கு நோய்க்குறிகள் தணிந்திருந்தன. ஹாஷிமோட்டோ உள்ள பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான மற்றொரு சிறு ஆய்வில் அவர்களின் அன்றாட நலம் மேம்பட்டது. ஆனால் தைராய்டு செயல்பாட்டிலோ தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புரதத்தின் அளவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இரண்டிலும் இந்த உணவை உண்ணாத ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆகவே இந்த உணவை நம்பி முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட்டையோ தைராய்டு மாத்திரையையோ நிறுத்துவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இவ்வளவையும் கேட்ட பிறகும் முயன்று பார்க்க விரும்புபவர்களுக்கு, பன்றிக்கறி சாப்பிடும் வீடாக இருந்தால், பழம் சேர்த்து மெல்ல வேகவைத்த வெண்பன்றிக்கறியை நான் பரிந்துரைப்பதுண்டு. பருப்பையும் தானியத்தையும் விலக்கும்போது குறைந்துபோகும் தயமின் (வைட்டமின் பி1) சத்து இந்தக் கறியில் தாராளமாக இருக்கிறது. கொழுப்பு குறைந்த பச்சைக் கறி 100 கிராமில் ஏறத்தாழ 0.7 முதல் 0.9 மில்லிகிராம் வரை கிடைக்கும். வேகும்போது அதில் ஒரு பகுதி சாற்றில் இறங்கிவிடும் என்பதால் சாற்றைக் கொட்டிவிடக் கூடாது. பன்றிக்கறி உண்ணாதவர்கள் வெள்ளாட்டின் முன்தொடையை இதே பக்குவத்தில் செய்துகொள்ளலாம்.

ஒரு கிலோ தோள்கறியைப் பெரிய துண்டுகளாகவே விட்டுவிட்டு, அடிகனமான சட்டியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்கும் வரை புரட்டி எடுக்க வேண்டும். மிளகாய் இல்லாத கறிக்கு வாசனையே இந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. பொறுமையில்லாமல் தண்ணீரை ஊற்றிவிட்டால் அவித்த கறியாகத்தான் வரும். அதே சட்டியில் கால் கிலோ சின்ன வெங்காயம், வழக்கத்தைவிட இருமடங்கு இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், பட்டை, இரண்டு கிராம்பு ஆகியவற்றை வதக்கி, கறியையும் உப்பையும் நறுக்கிய ஒரு பேரிக்காயையும் சேர்த்துக் கறி பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வேகவிட வேண்டும். தோள்கறியின் கெட்டியான இணைப்புத் திசு ஜெலட்டினாகக் கரைவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். அவசரமென்றால் குக்கரும் அதே வேலையைச் செய்துவிடும். முதலில் போட்ட பேரிக்காய் கரைந்து சாறு கெட்டியாகிவிடும். இறக்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு இன்னொரு பேரிக்காயைத் துண்டுகளாகப் போட்டால் அது உருவம் குலையாமல் இருக்கும்.

பழத்துக்கு நாம் வெளிநாட்டு ஆப்பிளைத் தேட வேண்டியதில்லை. நீலகிரியின் பேரிக்காயும் பிளம்ஸும், கொல்லிமலை அன்னாசியும் போதும். தக்காளியின் புளிப்பு வேண்டுமென்பவர்கள் பிளம்ஸைச் சேர்க்கலாம். பச்சை அன்னாசியில் கறியை ஊறவைத்தால் அதிலுள்ள நொதி கறியைக் கூழாக்கிவிடும். கொதிக்கும் சாற்றில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளை எடுப்பவர்கள் பம்பளிமாஸையும், லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் நட்சத்திரப் பழத்தையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஏறக்கூடும் என்பதால், அவர்கள் பழத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சோற்றுக்குப் பதிலாகச் சேனையோ சர்க்கரைவள்ளியோ நேந்திரங்காயோ வைத்துக்கொள்ளலாம். நாமக்கல், சேலம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் மரவள்ளியைத் தோலுரித்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் உண்ண வேண்டும். தைராய்டு நோயாளிகள் அதை அன்றாட உணவாக்குவதை நான் ஏற்பதில்லை.

பன்றிக்கறி என்றதும் "மூளையில புழு வந்துருமுங்களா?" என்று கேட்கிறார்கள். அரைவேக்காட்டுக் கறியால் குடலில் நாடாப்புழு வரும். மூளைக்குச் செல்லும் தொற்றோ, அப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து தண்ணீர், கீரை, கழுவாத கை வழியாக வாய்க்குள் போகும் முட்டைகளால் வருவது. எனவே கறி சாப்பிடாதவருக்கும் அது வரலாம். பண்ணையில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றியை வாங்குங்கள். சதைக்குள் அரிசிமணி போன்ற வெண்கொப்புளம் தென்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து எடுப்பவர்கள், அணைந்த அடுப்பின் வெதுவெதுப்பில் இரவெல்லாம் கிடந்த கறியை மறுநாள் சாப்பிடவே கூடாது. மூட்டு வலி என்று வருபவர்களில் சிலருக்கு இருப்பது முடக்குவாதமன்று, யூரிக் அமிலத்தால் வரும் கௌட். அவர்களுக்கு இந்தக் கறியே வலியைக் கூட்டிவிடலாம் என்பதால் நோய் எதுவென்று உறுதிசெய்த பிறகே இதில் இறங்க வேண்டும்.

விலக்குவது ஆறு வாரத்துக்குத்தான். அதற்குப் பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர். பலர் அந்தக் கட்டத்துக்கு வராமலே மாதக்கணக்கில் பட்டினி போல் இருந்துவிடுகிறார்கள். இதே கறியை வைத்துச் சோதிப்பது எளிது: ஒருமுறை மிளகு மட்டும் சேர்த்துச் சமைத்து, ஐந்து முதல் ஏழு நாள் வரை மூட்டு வீக்கம், வயிறு, தோல், தூக்கம் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும், பிறகு சீரகம், அதன்பின் நெய் என்று போய், தக்காளியையும் மிளகாயையும் கடைசியில் சேர்க்க வேண்டும். அந்த வாரத்துக்குள் ஒரு கெடா வெட்டு விருந்தோ கல்யாணப் பந்தியோ குறுக்கிட்டால் அந்தச் சோதனை செல்லாது. சில நாள் விலக்குக் கட்டத்து உணவுக்கே திரும்பிவிட்டு, அதே பொருளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.