‘தெரியாது’ என்ற விடைக்குப் பின்னுள்ள கணக்கு

கடவுள் உண்டா இல்லையா என்பதற்கு அறிவியல் என்றேனும் ஒருநாள் முடிவான விடை சொல்லுமா, சொல்லாதென்றால் ‘தெரியாது’ என்று நழுவுகிறவர்கள் மதில்மேல் பூனைகள்தாமே என்று வாசகர் ஒருவர் சற்றுக் காட்டமாகவே கேட்டிருக்கிறார். நழுவல் சிலரிடம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த விடை நேர்மையான கணக்கின் முடிவாகவும் வரக்கூடும்.

தெரியாததைத் தெரியாது என்றே சொல்லும் நிலைப்பாட்டுக்கு 1869-இல் பெயர் சூட்டியவர் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. தமிழில் அதை அறியவியலாமைக் கொள்கை என்கிறோம். 1889-இல் எழுதிய கட்டுரையில், அது ஒரு சமயக் கோட்பாடு அன்று, ஒரு வழிமுறை என்று அவர் விளக்கினார். அந்த வழிமுறைக்கு வேண்டிய கணிதமோ அவர் பிறப்பதற்கு முன்பே, தாமஸ் பேயஸ் என்ற பாதிரியார் எழுதிவைத்து, அவர் இறந்தபின் 1763-இல் அச்சேறிய கட்டுரையில் இருந்தது.

பள்ளியில் படித்த நிகழ்தகவே போதும். ஒரு பையில் ஆயிரம் நாணயங்கள் உள்ளன; அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இருபுறமும் தலை. கண்ணை மூடி ஒன்றை எடுத்துச் சுண்டுகிறோம். கையில் இருப்பது போலி நாணயமாக இருக்க 1-க்கு 999 என்ற அளவில்தான் வாய்ப்பு. தலை விழுகிறது. போலி நாணயத்தில் அது உறுதியாக நிகழ வேண்டியது, நல்ல நாணயத்தில் பாதி வாய்ப்பே உள்ளது. ஆகவே போலி என்ற கருதுகோளின் எடை இரு மடங்காகி, 2-க்கு 999 ஆகிறது. அடுத்தடுத்துத் தலையே விழுந்தால் 4, 8, 16 என்று ஏறி, பத்தாவது சுண்டலில் 1024-க்கு 999 என்று தராசு மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. இருபதாவதில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் போலிதான் என்று சொல்லிவிடலாம். இடையில் ஒரே ஒரு முறை பூ விழுந்தாலும் அந்தக் கருதுகோள் அங்கேயே மடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் என்னை எப்போதும் வியக்கவைப்பது, சான்றின் வலிமை சான்றில் இல்லை என்பதுதான். ‘இது உண்மையானால் இந்த விளைவை எவ்வளவு எதிர்பார்ப்போம், பொய்யானால் எவ்வளவு எதிர்பார்ப்போம்’ என்ற இரண்டு எண்களின் விகிதமே வலிமை. இப்போது வேறொரு கருதுகோளைப் பாருங்கள்: ஒவ்வொரு சுண்டலையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி தீர்மானிக்கிறது, ஆனால் முடிவுகள் தற்செயலாக விழுவதைப் போலவே அமையும்படி பார்த்துக்கொள்கிறது. தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் விகிதம் 1. ஒன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் எதுவும் மாறாது. கோடி முறை சுண்டினாலும் தொடங்கிய இடத்திலேயே நிற்போம். நம் கருவிகள் போதாததால் வரும் தேக்கம் அன்று இது. அந்தக் கூற்று அமைக்கப்பட்ட விதத்திலேயே இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பிறக்கின்றன, இரண்டையும் பலர் தவறவிடுகிறார்கள். ‘தீர்மானிக்க முடியாது’ என்பதால் ‘பாதிக்குப் பாதி’ ஆகிவிடாது. ஆயிரத்தில் ஒன்று என்று தொடங்கியவர் ஆயிரத்தில் ஒன்றிலேயே நிற்பார், வேறிடத்தில் தொடங்கியவர் அங்கே நிற்பார், அவர்களைச் சேர்த்துவைக்கச் சான்றால் இயலாது. அதேபோல், சுழியத்தில் தொடங்குகிறவரை எந்தச் சான்றும் நகர்த்தாது, சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியமே. முழு உறுதியோடு மறுப்பவருக்கும் முழு உறுதியோடு நம்புபவருக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும்.

உலகில் ஏதேனும் மாற்றத்தை முன்னறிவிக்கும் கூற்றுகளின் கதை வேறு. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். பிரார்த்தனை செய்யப்படலாம், செய்யப்படாமலும் போகலாம் என்று மட்டும் சொல்லப்பட்ட இரு குழுக்களில், பிரார்த்தனை பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. பிரார்த்தனை நடப்பதை உறுதியாக அறிந்திருந்த மூன்றாம் குழுவிலோ 59 விழுக்காடு. இதற்குப் பணம் செலவிட்டது வீண் என்று எள்ளி நகையாடியவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. சோதிக்கத்தக்க ஒரு கூற்றை அதற்குரிய மரியாதையோடு சோதிப்பது நல்ல செலவுதான். முடிவு வந்தபின் ‘இறைவன் சோதனைக்குக் கட்டுப்படமாட்டார்’ என்று சொல்பவர் எந்தச் சோதனையாலும் தோற்காத நிலைக்குப் போய்விடுகிறார்; விகிதத்தை ஒன்றாக்கிவிட்ட அந்த நொடியே, எந்தச் சான்றையும் தமக்குச் சாதகமாகக் காட்டும் உரிமையையும் இழந்துவிடுகிறார். சோதிடமும் பரிகாரமும் விற்பவர்கள், பலித்தால் சான்று, பலிக்காவிட்டால் மர்மம் என்று இரண்டு கணக்குகளையும் ஒருசேர வைத்துக்கொள்வதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

அதற்காக இன்று விடையில்லாத கேள்விகளையெல்லாம் இந்தப் பட்டியலில் தள்ளிவிடக் கூடாது. விண்மீன்கள் எவற்றால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறிய முடியாது என்று 1835-இல் பிரெஞ்சு மெய்யியலாளர் அகஸ்ட் கோம்ட் எழுதினார். அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1859-இல், ஜெர்மானிய அறிவியலாளர்கள் கிர்க்காஃபும் பன்சனும், ஒளியை நிறங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கேயுரிய கோடுகள் (நிறமாலைக் கோடுகள்) தெரியும் என்பதை நிறுவி, சூரிய ஒளியில் சோடியத்தை அடையாளம் கண்டார்கள். சூரியனில் சோடியம் உண்டு என்ற கூற்றும் இல்லை என்ற கூற்றும் அந்த ஒளியில் வெவ்வேறு கோடுகளை எதிர்பார்க்கவைத்தன. அந்த வேறுபாடு கோம்ட் எழுதிய நாளிலும் ஒவ்வொரு கதிரிலும் பூமிக்கு வந்துகொண்டுதான் இருந்தது.