கைரோ: சொல்லும் அதன் தமிழும்

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் மேகத்துக்குள்ளும் அதை ஓட்டலாமா என்று யோசிக்க ஆரம்பித்ததும் கைரோ, கைரோ என்றுதான் பேச்சு ஓடும். முழுப்பெயர் கைரோஸ்கோப். 1852இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ வைத்த பெயர். கிரேக்கத்தில் கைரோஸ் என்றால் வட்டம், ஸ்கோபெயின் என்றால் பார்ப்பது. அவர் பார்க்க விரும்பியது பூமியின் சுழற்சியை. வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை லேசில் மாற்றாது, அதனால் பூமி திரும்புவதை அதை வைத்துக் கண்டுகொள்ளலாம்.

விமானிக்கு உதவுவதும் அதே பிடிவாதம்தான். மேகத்துக்குள் விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு கொஞ்ச நேரத்தில் அதை உணராமல் போய்விடும், நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியமே செய்யும். 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் பக்கம் மிட்செல் தளத்தில் அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில் வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் இருந்தே எழும்பிச் சுற்றி இறங்கினார் என்றால், விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெர்ரி நிறுவனத்தின் செயற்கைத் தொடுவானத்தையும் திசை கைரோவையும், நுட்பமான ஓர் உயரமானியையும் நம்பித்தான்.

அப்புறம் நெடுங்காலம் சிறு விமானங்களில் கைரோ என்றால் பெரும்பாலும் காற்றை உறிஞ்சிச் சுழற்றும் சக்கரம். உறிஞ்ச வெற்றிடப் பம்ப் வேண்டும், அது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பம்புக்குப் பதிலாக, எதிர்க்காற்றிலேயே உறிஞ்சும் வெஞ்சுரிக் குழாயை வெளியே மாட்டினால் மலிவுதான், ஆனால் அதில் பனிக்கட்டி பிடிக்கும், அதுவும் கைரோ மிகவும் தேவைப்படும் மேகத்துக்குள்.

இன்றைய மலிவான மின்னணுப் பெட்டிகளில் சக்கரமே இல்லை! சிலிக்கனில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று அதிர்ந்துகொண்டே இருக்கும், விமானம் திரும்பினால், சுழலும் ஒன்றுக்குள் அசையும் பொருளுக்கு ஏற்படும் கோரியோலிஸ் விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும், அந்த விலகலை அளந்து எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று கணக்கிடுவார்கள். தனியே விட்டால் கணக்கு மெல்ல நழுவும், அதனால் முடுக்கமானியும் சில பெட்டிகளில் காற்றுவேகமும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து திருத்தும். காற்றுவேகத்தை நம்பும் பெட்டி என்றால் அதை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாய் உறைந்ததும் தொடுவானமும் கோணலாகலாம், வாங்கும் முன் விசாரிக்க வேண்டியது இது.

எந்தப் பறத்தலுக்கு எந்தக் கருவிகள் வேண்டும் என்று சொல்லும் அமெரிக்க விதி 91.205 இன்னும் கைரோ என்ற சொல்லையே வைத்திருக்கிறது. வீட்டில் கட்டிய விமானத்துக்கான இயக்க வரம்புகள் அந்த விதியைக் காட்டும், ஆனால் தொடுவானக் கருவி சான்று பெற்றதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, மிச்சம் பிடிக்க முடிவது அங்கேதான். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் கருவிவழிப் பறத்தலுக்கான ஜிபிஎஸ், ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் இரண்டும் குறித்த தரத்தை எட்டியிருக்க வேண்டும், உயரமானியையும் அதற்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் நிலையழுத்தக் குழாய்களையும் 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்கவும் வேண்டும்.

சரி, தமிழில்? சுழலாழி, சுழல்சக்கரம் மாதிரிப் பெயர்கள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவை, இன்றைய சிலிக்கன் சில்லுக்குப் பொருந்தாது. சுழற்சிகாட்டி என்பதே என் தேர்வு. ஃபூக்கோ சொன்னதும் அதுதான், எதுவும் சுழலாத சில்லுக்கும் சரியாக உட்காரும். பேச்சில் கைரோவே இருக்கட்டும். செயற்கைத் தொடுவானம் என்பதை மட்டும் இதற்கு மாற்றாக எழுத வேண்டாம், அது முகப்பில் தெரியும் கருவி, சுழற்சிகாட்டி அதற்குள் இருப்பது. விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று காட்டும் திருப்பங்காட்டிக்குள்ளும் ஒன்று உண்டு, அதனால் விற்பனைப் பட்டியலில் வெறுமனே கைரோ என்று போட்டிருந்தால் எந்தக் கருவியினுடையது என்று கேட்டுவிடுங்கள்.