வலை போடாமல் அலையைக் கணக்கிடுவது எப்படி?

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "புயல் அலை கல் சுவரில் மோதித் துளித்துளியாகச் சிதறுவதைக் கணினியில் காட்டுகிறார்களே, அது சினிமா கிராபிக்ஸா, நிஜக் கணக்கா?"

இரண்டுமாக இருக்கலாம். சினிமாக்காரர்களும் கடலோரப் பொறியாளர்களும் பல நேரங்களில் ஒரே குடும்பத்து முறைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். சினிமாவுக்கு அலை கண்ணுக்கு நம்பும்படி இருந்தால் போதும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் பெயருமா, தாங்குமா என்று கேட்பவருக்கோ கல்மேல் விழும் விசை சரியாக வரவேண்டும்.

நீரோட்டச் சமன்பாடு நமக்குத் தெரிந்த நியூட்டனின் இரண்டாம் விதிதான்; நாவியர், ஸ்டோக்ஸ் பெயரால் அழைக்கிறோம். வழக்கமான முறையில் இடத்தை வலைபோலச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீர் வந்தது, போனது என்று வரவு செலவு பார்ப்பார்கள். குழாய் நீருக்கும் விமான இறக்கைமேல் ஓடும் காற்றுக்கும் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் அலை சுருண்டு கவிழ்ந்து தெறிக்கும்போது நீர் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்பதைக் கணத்துக்குக் கணம் தேடிப் பிடிக்கவேண்டும். அதற்கும் வழிகள் உண்டு. எனினும் கட்டத்தைவிடச் சிறிய துளிகள் மங்கிப்போகும்.

மாற்று வழி வானியலிலிருந்து வந்தது. 1977இல் லியான் லூசி ஒரு பக்கமும், ராபர்ட் கிங்கோல்டும் ஜோ மோனகனும் இன்னொரு பக்கமுமாக, விண்மீன்களின் வாயுவைக் கணக்கிட ஒரே முறையைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். எல்லையில்லா வெளியில் எங்கே போய்க் கட்டம் போடுவது? வாயுவையே துகள்களாக எண்ணினார்கள். 1994இல் மோனகன் அதைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தார். இந்தத் துகள் முறையை எஸ்.பி.எச். (Smoothed Particle Hydrodynamics) என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக் கூட்டத்தில் நிற்பவருக்கு நெரிசல் எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்லவேண்டியதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் எத்தனை பேர், எவ்வளவு ஒட்டி நிற்கிறார்கள் என்பதே போதும். இடம் இருக்கும் பக்கம் உடம்பு தானாக நகரும். நீர்த் துகளும் அப்படித்தான். அதன் நிறை மாறாது. தன்னைச் சுற்றி ஒரு சிறு கோளத்துக்குள் இருக்கும் 50, 60 அண்டைத் துகள்களின் நிறையை, அருகிலிருப்பதற்கு அதிகப் பங்கும் தள்ளியிருப்பதற்குக் குறைந்த பங்கும் கொடுத்துக் கூட்டினால், அந்த இடத்தின் அடர்த்தி. அடர்த்தியிலிருந்து அழுத்தம். பங்கைத் தீர்மானிக்கும் மணி வடிவச் சார்புக்குக் கெர்னல் என்று பெயர். கோளத்தின் விளிம்பில் அது சுழியமாகிவிடும்.

எனக்கு இந்த முறைமேல் காதலே வரக் காரணம் அடுத்த படிதான். விசை வேண்டுமென்றால் அழுத்தத்தின் சரிவு வேண்டும், அதாவது வகைக்கெழு. கட்டங்கள் இருந்தால் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பைக் கழித்து இடைவெளியால் வகுத்துவிடலாம். தாறுமாறாகக் கிடக்கும் துகள்களில் எதை எதிலிருந்து கழிப்பது? இங்கேதான் அந்த அழகு. அழுத்தத்தை நாம் "துகளின் மதிப்பு பெருக்கல் கெர்னல்" என்ற கூட்டுத்தொகையாக எழுதியிருக்கிறோம். இதில் துகளின் மதிப்பு வெறும் எண். இடத்தோடு மாறுவது கெர்னல் மட்டுமே. எனவே வகையிடுதல் முழுவதும் கெர்னலின் தலையில் போய் விழுகிறது. கெர்னலோ நாமே தேர்ந்தெடுத்த எளிய சார்பு. அதன் வகைக்கெழுவைப் பிளஸ் டூ மாணவர் பேனாவால் போட்டுவிடுவார். குழம்பிக் கிடக்கும் நீரை வகையிடவேண்டிய வேலை, தாளில் ஒரே ஒருமுறை முடிந்துவிடுகிறது!

இன்னொன்றும் உண்டு. இரு துகள்களுக்கு இடையிலான விசையில் இரண்டின் அழுத்தத்தையும், ஒவ்வொன்றையும் அதனதன் அடர்த்தியின் வர்க்கத்தால் வகுத்துக் கூட்டிச் சேர்ப்பார்கள். முதல் துகளையும் இரண்டாம் துகளையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதினாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. கெர்னலின் சரிவு மட்டும் குறி மாறும். ஆகவே இது அதைத் தள்ளும் அளவே அதுவும் இதைத் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி தோராயமாக அல்ல, துல்லியமாகக் காக்கப்படுகிறது. அலை எவ்வளவு சிதறினாலும் மொத்த உந்தக் கணக்கு உதைக்காது.

செலவுதான் பெரிது. ஒரு கனமீட்டர் நீரை 1 செ.மீ. இடைவெளியில் நிரப்பினால் 10 லட்சம் துகள்கள். கணக்கு சிறு சிறு நேரத் துண்டுகளாக, அதாவது காலப்படிகளாக நகரும்; ஒரு காலப்படியில் ஒலி துகள் இடைவெளியைத் தாண்டிவிடக் கூடாது. ஆகவே இடைவெளியைப் பாதியாக்கினால் துகள்கள் 8 மடங்கு, காலப்படிகளும் 2 மடங்கு. வேலை 16 மடங்கு. நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். அதை அப்படியே வைத்தால் காலப்படி மிகமிகச் சிறிதாகும். அதனால் நீரின் உச்ச வேகத்தைப்போல் 10 மடங்கு வேகமே ஒலிக்குப் போதும் என்று வைத்துக்கொள்வார்கள். அடர்த்தி 1 சதவீதம் அளவுக்குத்தான் ஆடும். பெரும்பாலான கணக்குகளுக்கு அது பாதகமில்லை. சுவரோரத்தில் வேறு தொல்லை: அங்கே ஒரு பக்கத்து அண்டைகளே இல்லாததால் அடர்த்தி குறைவாகத் தெரியும். சுவருக்குள் சில வரிசை அசையாத் துகள்களை வைத்து ஈடுகட்டுவார்கள்.

முழுக் கடலையும் இப்படிக் கணக்கிட முடியாது. சுனாமி சுமத்ராவிலிருந்து கடலூருக்கு வரும் நேரத்தைச் சொல்லக் கடலின் ஆழமும் கட்டமுறையுமே போதும். கரையைத் தொட்டு அலை உடையும் கடைசித் தூரத்துக்குத்தான் துகள்கள். 2004 டிசம்பர் 26 பௌர்ணமி என்பதால் நிலவின்மேல் பழி போட்டவர்கள் உண்டு. கடலடி நிலம் பெயர்ந்ததே காரணம். அதற்குப் பின் இரண்டு மணி நேரத்துக்குமேல் நமக்கு அவகாசம் இருந்தது, எச்சரிக்கை அமைப்புதான் இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007இல் வந்தது.

இன்று டூயல்எஸ்பிஹெச்சிக்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசம். விளையாட்டுக்கு வாங்கும் கிராபிக்ஸ் அட்டையிலேயே ஓடும். கடலூர் மாணவர் வீட்டிலிருந்தே சில்வர் பீச்சில் அலை உடைவதைக் கணக்கிடலாம். அவருக்கு வேண்டியது கரையோர ஆழ அளவீடு. ஒவ்வொரு பருவமழைக்கும் பிறகு மணல் இடம் மாறுகிறது. ஆண்டுதோறும் அளந்து பொதுவில் போடப் பெரிய பணம் ஆகாது. கற்களுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை அரசு இதற்கு ஒதுக்கவேண்டும்.