மின்கம்பத்திலிருந்து பத்தரை மீட்டர்

ஆட்சேபக் கடிதம் படிப்பது எனக்குப் பல வருட வேலை. இங்கிலாந்தின் தெற்கே ஒரு கவுன்சிலில் கட்டட அனுமதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பிளானிங் அதிகாரியாக இருந்தபோது, காட்டோரத்து வயல் ஒன்றில் 80 வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்தது. அதை எதிர்த்து முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள். முக்கால்வாசி ஒரே அச்சு. காட்டைக் காப்பாற்றுங்கள் என்று தொடங்கி, வீட்டு விலை விழுந்துவிடும், ஜன்னலில் தெரியும் பச்சை போய்விடும், டிராஃபிக் கூடும் என்று முடியும். இதில் டிராஃபிக்கைத்தான் நான் கணக்கில் எடுக்க முடியும். வீட்டு விலையும் சொந்த ஜன்னல் காட்சியும் பிளானிங்கில் செல்லாக்காசு.

ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அரைப் பக்கம்தான். எழுதியவர் தினமும் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டில் நடக்கும் ஒரு பெண்மணி. வரைபடத்தில் முதல் வீட்டின் வேலி வயலில் நிற்கும் மின்கம்பத்தை ஒட்டி வருகிறது, அங்கிருந்து காட்டுக்கு 15 மீட்டர் என்று போட்டிருக்கிறது, நான் டேப் பிடித்துப் பார்த்தேன், பத்தரைதான் வருகிறது என்று எழுதியிருந்தார். கூடவே இன்னொரு வரி: "அவர்கள் மரத்தின் அடியிலிருந்து அளந்திருக்கிறார்கள். காடு வரப்பிலேயே தொடங்கிவிடுகிறது."

மறுநாளே போய்ப் பார்த்தேன். முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. முள்செடிகளை விலக்கி நடந்தபோது கால் திடீரென்று உள்ளே போனது. முழங்காலளவு பள்ளம், நிறைய மக்கிய இலை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பாசி படர்ந்த மண்மேடு, வளைந்து வளைந்து காட்டைச் சுற்றிப் போகிறது. அந்த அம்மா சொன்ன வரப்பு இதுதான். வெட்டிய கிளைகள் திரும்பத் தழைப்பதற்குள் மாடுகள் வந்து மேய்ந்துவிடக் கூடாது என்று இடைக்காலத்தில் காடுகளைச் சுற்றி இப்படித்தான் வெளியே பள்ளமும் உள்ளே மேடுமாக வெட்டினார்கள். வயல் வரப்பில் நடந்து பழகிய கால் என்னுடையது. இருந்தும் அந்த அம்மா சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

இங்கே பிளானிங் கொள்கையில் இத்தகைய காட்டுக்குத் தனிப் பெயரே உண்டு: ஏன்ஷியன்ட் வுட்லண்ட். பழங்காடு என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். இங்கிலாந்தில் 1600-ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாக இருந்து வரும் இடம். அதென்ன 1600? அதற்கு முன் மரம் நட்டுக் காடு வளர்க்கும் வழக்கம் அபூர்வம். ஆகவே அப்போதே காடாக இருந்திருந்தால், பெரும்பாலும் அது அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே காடுதான். பிரிட்டனின் நிலப்பரப்பில் இப்படி மிஞ்சியிருப்பது சுமார் இரண்டரை சதவீதம்.

மரங்களின் வயதை வைத்து இதை எடைபோடக் கூடாது. கட்டுநர் தரப்பு வழக்கமாகச் சொல்வது, "இதெல்லாம் ஐம்பது வருட மரம் சார், பத்து மடங்கு நட்டுத் தருகிறோம்." மரம் ஐம்பது வருடமாக இருக்கலாம். கீழே இருக்கும் மண்ணை உழுது பல நூறு வருடங்கள் ஆகியிருக்கும், அல்லது உழுததே இல்லை. அந்த மண்ணின் பூஞ்சை வலையையும் விதைகளையும் லாரியில் ஏற்றி இன்னோரிடத்தில் கொட்டினால் காடு வந்துவிடாது. வுட் அனிமோனி என்று ஒரு சின்ன வெள்ளைப்பூ உண்டு. அது படர்வது நூறு வருடத்துக்கு ஏறக்குறைய ஆறடி. ஒரு காட்டின் தரை முழுக்க அது விரிந்திருந்தால் எவ்வளவு காலம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நம் விண்ணப்பத்தோடு வந்த சூழலியல் அறிக்கையில் அந்தப் பூவே இல்லை. கள ஆய்வுத் தேதி நவம்பர். அது பூப்பதோ மார்ச், ஏப்ரலில்; கோடை முடிவதற்குள் இலைகூட மறைந்துவிடும். இதில் சூது இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் தேதியைப் பாருங்கள்.

இனி கொள்கை. 2012-இல் வந்த தேசிய பிளானிங் கொள்கையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பழங்காடு அழிவதைவிட வளர்ச்சியின் நன்மை தெளிவாக அதிகமென்றால் அனுமதிக்கலாம் என்றது அது. தராசில் வைத்தால் எப்போதும் நன்மைதானே கனக்கும்? 2013-இல் கென்ட் மாவட்டத்தில் ஓக்கன் வுட் என்ற பழங்காட்டில் சுமார் 32 ஹெக்டேர் கல்குவாரிக்குப் போனது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க அந்தக் கல் தேவை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பாரம்பரியத்தைக் காக்கப் பாரம்பரியத்தைத் தோண்டினார்கள்.

உட்லண்ட் டிரஸ்ட் போன்ற காடு காக்கும் அமைப்புகள் விடாமல் குடைந்தன. 2018-இல் வாசகம் மாறியது. முற்றிலும் விதிவிலக்கான காரணம் இருந்தால் ஒழிய அனுமதி மறுக்க வேண்டும் என்று ஆனது. அதன் அடிக்குறிப்பையும் படித்துவிடுங்கள்: தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ரயில், சாலை போன்ற திட்டங்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. வீட்டுமனைக்காரர்களுக்கு மட்டும் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. அதனால் இப்போது காட்டுக்குள் கட்டுவதாக அவர்கள் அநேகமாகக் கேட்பதில்லை. காட்டை ஒட்டிக் கட்டுகிறார்கள். சண்டையெல்லாம் ஓரத்தில்தான்.

அந்த ஓரத்துக்குத்தான் 15 மீட்டர். காட்டின் எல்லையிலிருந்து குறைந்தது இவ்வளவு இடைவெளி விட வேண்டும், அதற்குள் வீட்டுத் தோட்டங்கள் வரக்கூடாது என்பது அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தும் வனத்துறை ஆணையமும் தரும் அறிவுரை. கவனியுங்கள், எல்லையிலிருந்து. மரத்திலிருந்து அல்ல.

சரி, காடு பழையது என்று யார் சொல்வது? 1981-இல் தொடங்கிய ஒரு பட்டியல் இருக்கிறது. ஆனால் அதைத் தயாரித்தபோது இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்த காடுகளைப் பொதுவாகச் சேர்க்கவில்லை, இப்போதுதான் திருத்துகிறார்கள். உங்கள் வீட்டுப் பக்கத்துச் சின்னக் காடு பட்டியலில் இல்லை என்பதற்காக அது பழங்காடு இல்லை என்று ஆகிவிடாது. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் சர்ச்சுக்குச் செலுத்திய தசமபாக வரிக்காக 1840-களில் வரைந்த நில வரைபடம் கிடைக்கும். அதையும், வரப்பின் படத்தையும், ஏப்ரலில் எடுத்த பூக்களின் படத்தையும் இணைத்து அனுப்பினால் அது ஆதாரம். வெறும் "தொன்மையான காடு ஐயா" என்று எழுதினால் அது அபிப்பிராயம்.

அப்புறம் நேரம். இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விண்ணப்ப நோட்டீஸ் கம்பத்தில் ஒட்டியதும் ஓடிவருவார்கள், கருத்துச் சொல்ல 21 நாள் இருக்கும். ஆனால் அந்த வயல் வீட்டுமனை என்று அதற்குப் பல வருடம் முன்பே எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தில் முடிவாகியிருக்கும். இங்கே பிளானிங் முடிவுகள் பொதுவாக அந்தத் திட்டத்தை ஒட்டித்தான் போக வேண்டும் என்பது சட்டம். நில உரிமையாளர்கள் தங்கள் நிலத்தையும் அந்தத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கொண்டுவரும் கட்டத்திலேயே அங்கே இருக்க வேண்டும். சலிப்பூட்டும் 400 பக்க ஆவணம், கொட்டாவி விடவைக்கும் கூட்டம். எங்கள் கூட்டம் ஒன்றுக்குப் பொதுமக்கள் தரப்பில் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

கூட்டம் சேர்வதால் பயனில்லை என்று சொல்லவரவில்லை. தென்கிழக்கு லண்டனில் ஆக்ஸ்லியஸ் வுட் வழியாகப் பெருஞ்சாலை போட அரசு முனைந்தபோது, பொது விசாரணையிலும் பலிக்கவில்லை, வழக்குப் போட்டும் உள்ளூர்க்காரர்கள் தோற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் புல்டோசருக்கு முன்னால் நிற்போம் என்று கையெழுத்திட்டார்கள். சுற்றுச்சூழல் மதிப்பீடு முறையாக இல்லை என்று ஐரோப்பிய ஆணையமும் கேள்வி கேட்டது. 1993 ஜூலையில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. எல்டம், லூயிஷம் பக்கம் இருக்கும் நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு நடப்பது அந்தக் காட்டில்தான்.

எங்கள் 80 வீட்டு விண்ணப்பம் கடைசியில் நிராகரிக்கப்படவில்லை. வயல் ஏற்கனவே திட்டத்தில் இருந்தது. வரப்பிலிருந்து அளந்து வரைபடத்தை மாற்றச் சொன்னோம். ஆறு வீடுகள் குறைந்தன, இடைவெளிக்குள் வரவிருந்த மழைநீர்க் குட்டை மறுபுறம் போனது. கமிட்டியில் மூன்று நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்த அந்தப் பெண்மணி, "அப்படியானால் நான் தோற்றுவிட்டேனா?" என்று கேட்டார். ஆறு வீடுகள் என்றேன். சமாதானமாகவில்லை. அடுத்த உள்ளூர்த் திட்டம் எப்போது என்று கேட்டுத் தேதியைக் கைப்பையிலிருந்த ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டார்.