ரைப்: முற்றியதா, பழுத்ததா?

‘காய் ரைப் ஆயிடுச்சா, பறிக்கலாமா?’ மிளகாய்ச் செடி வளர்ப்பவர்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கேள்வியே இரண்டு.

ரைப் என்பது பழைய ஆங்கிலச் சொல். அறுவடையைக் குறிக்கும் ‘ரீப்’ என்ற வினைக்கு அது உறவு என்பார்கள். அப்படிப் பார்த்தால் அறுக்கும் பக்குவத்துக்கு வந்தது என்பதே அதன் பொருள். விதைப் பாக்கெட்டில் அச்சடிக்கும் ‘மெச்சூரிட்டி’க்கு மூலம் லத்தீன், காலத்தில் வந்தது, பருவமடைந்தது என்ற பொருள். தமிழில் எழுதும்போது பலர் இரண்டுக்குமே ‘பழுத்தது’ என்று போட்டுவிடுகிறார்கள். மிளகாய்க்கு அது சரிப்படாது. பச்சை மிளகாய் பழுத்ததல்ல, ஆனாலும் பறிக்கத் தயாரானதுதான்.

நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. முதலாவது முற்றல். முற்றுப்புள்ளி, வினைமுற்று என்பவற்றில் வரும் அதே ‘முற்று’. வளர்ச்சி முடிந்துவிட்டது என்று அர்த்தம். வெண்டைக்காயை முற்றல் என்றால் அது வசவு, மிளகாய்க்கோ நற்சான்று. முற்றிய காய் தன் ரகத்துக்கு உரிய நீளமும் பருமனும் எட்டியிருக்கும். தோல் பளபளக்கும், அழுத்தினால் விறைப்பாக இருக்கும், ஒடித்தால் ‘சடக்’கென்று சத்தம் வரும். பிஞ்சில் தோல் மெல்லிசு, விதை மெத்தென்று இருக்கும், காரமும் போதாது. விதையைத் தாங்கும் வெள்ளைத் தசையில்தான் காரம் உருவாகிறது. காய் முற்ற முற்ற அது ஏறும். பூத்ததிலிருந்து முற்றுவதற்குச் சுமார் 5 முதல் 7 வாரம் பிடிக்கும். ரகமும் வெப்பநிலையும் இந்தக் கணக்கை மாற்றும். ஹாலபீனோ ரகத்தில் தோலில் மெல்லிய பழுப்பு வரிகள் தெரியும். உள்ளே சதை வளரும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல் விண்டு ஆறிய தழும்பு அது. நோய் என்று பயந்து வீசிவிடாதீர்கள், முற்றியதற்கான அடையாளம்.

இரண்டாவது பழுத்தல். இந்தச் சொல்லுக்குள் நிறமாற்றமும் இருக்கிறது. மஞ்சளான இலையைப் பழுத்த இலை என்கிறோம். சிவக்கும்வரை சூடாக்கிய இரும்பை, பழுக்கக் காய்ச்சியது என்கிறோம். மிளகாயில் நடப்பதும் அதுதான்: பச்சையம் சிதைகிறது, கேப்சாந்தின் போன்ற சிவப்பு நிறமிகள் உருவாகின்றன. முற்றிய பிறகு இதற்கு இன்னும் 2, 3 வாரமாவது வேண்டும். இனிப்பும் வைட்டமின் சி-யும் இந்தக் கட்டத்தில் கூடும், அதனால் குடைமிளகாய்க்குக் காத்திருப்பது லாபம். எல்லா ரகமும் சிவப்பில் போய் முடியாது. மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்று நிற்பவையும் உண்டு. ஊதா ரகங்களில் பல, ஊதாவாக இருக்கும்போது இன்னும் காய்தான், பழுப்பது சிவப்பில். ஆகவே நட்ட ரகத்தின் கடைசி நிறம் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘கனிந்தது’ என்று மட்டும் எழுத வேண்டாம். கனிதல் என்றால் குழைந்து மெத்தென்று ஆவது. மிளகாய் சிவந்த பின்பும் விறைப்பாகவே இருக்கும். மெத்தென்று ஆகிவிட்டால் வாடுகிறது, அல்லது அழுகுகிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது செங்காய், பாதி பச்சையும் பாதி சிவப்புமான காய். ‘பிரேக்கர் ஸ்டேஜ்’ என்று தோட்டக்கலைக்காரர்கள் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டாம். தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பருவமும் இதுதான். முழுப் பச்சையாகப் பறித்த மிளகாய், தக்காளியைப் போல வீட்டில் வைத்துப் பழுக்காது. செங்காயாகப் பறித்தால் இரண்டொரு நாளிலோ ஒரு வாரத்திலோ மீதி நிறமும் ஏறிவிடும். கனமழையோ கடுங்குளிரோ வரப்போகிறது என்றால் செங்காயை முதலில் பறித்துவிடலாம்.

அப்புறம் வெம்பல். நுனி கருகிய காய், புழு துளைத்த காய், வெயிலில் வெந்த காய் எல்லாம் மற்றவற்றை முந்திக்கொண்டு சிவக்கும். அளவில் சிறுத்து, ஒரு பக்கம் சுருங்கியிருந்தால் அது பழுக்கவில்லை, வெம்பியிருக்கிறது. பறித்துப் போட்டுவிடுங்கள், செடியின் சத்தாவது மிச்சமாகும்.

பாக்கெட்டில் ‘70 டேஸ் டு மெச்சூரிட்டி’ என்று இருந்தால் பெரும்பாலும் அது நாற்றைப் பெயர்த்து நட்ட நாளிலிருந்து எண்ணுவது, விதைத்த நாளிலிருந்து அல்ல. குடைமிளகாய் பாக்கெட்டுகளில் பல, முற்றிய பச்சைக் காய்க்கான கணக்கையே சொல்கின்றன. ‘முற்ற 70 நாள்’ என்று மொழிபெயர்த்தால் யாரும் சிவப்பை எதிர்பார்த்து ஏமாற மாட்டார்கள்.

பச்சையிலேயே பறித்துக்கொண்டிருந்தால் செடி மேலும் பூக்கும். பழுக்க விட்டால் எண்ணிக்கை குறையும். விதைக்கு வேண்டுமானால் சில காய்களை மட்டும் செடியிலேயே முழுக்கப் பழுக்க விடலாம். எதைப் பறித்தாலும் கத்தரிக்கோலால் காம்போடு நறுக்குங்கள். பிடித்து இழுத்தால் கிளையும் சேர்ந்து ஒடிந்து வந்துவிடும்.