செல்லோ எப்படி உறுமுகிறது

பேசின் பிரிட்ஜைக் கடந்து வியாசர்பாடி ஜீவா நிலையத்தை நோக்கி வரும் ரயில்களின் சக்கரங்கள் வளைவில் எழுப்பும் கிரீச்சொலியை வடசென்னையில் வளர்ந்த எவரும் தனியாகக் கவனிப்பதில்லை. அந்தத் தண்டவாளத்துக்கு அருகே, ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்குச் செல்லோ வாசிக்கும் இளைஞர் ஒருவர், வாரநாள் மாலைகளில் அதே செல்லோவில் ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசையை வாசித்துப் பழகுகிறார். நான் போயிருந்த அன்று, அவர் வில்லை அழுத்தி இழுத்துக்கொண்டிருந்த வேளையில் ஒரு மின்சார ரயில் வளைவில் திரும்பியது. வில்லை நிறுத்தாமலே, “ரெண்டும் ஒரே மேட்டர்தாண்ணா” என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னது இயற்பியலின்படி முற்றிலும் சரி.

செல்லோ வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது. உட்கார்ந்த நிலையில், முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிக்கப்படுவது. நம் திரையிசையில் பெரும்பாலும் சோகக் காட்சிகளின் பின்னணியில் கேட்பதால், அது மென்மையான கருவி என்ற எண்ணம் நமக்கு ஊறிவிட்டது. ஆனால் அதன் நான்கு தந்திகளும் தோராயமாக 65, 98, 147, 220 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு) அதிர்வெண்களுக்குச் சுருதி சேர்க்கப்படுபவை. வழக்கமான சுருதியில் உள்ள கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. மெட்டல் கிதார் கலைஞர்கள் ஒலி இன்னும் கனக்க வேண்டும் என்பதற்காகத் தந்திகளைத் தளர்த்திச் சென்றடையும் ஆழத்தில் செல்லோ பிறவியிலேயே இருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில், சிபேலியஸ் அகாதெமியில் படித்த செல்லோ கலைஞர்கள் 1993ஆம் ஆண்டில் அபோகாலிப்டிகா என்ற குழுவைத் தொடங்கி, 1996இல் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் பாடல்களைப் பாடகரோ டிரம்ஸோ இல்லாமல் நான்கு செல்லோக்களால் மட்டும் வாசித்து இசைத்தொகுப்பாக வெளியிட்டபோது, பலருக்கும் அது ஒரு விந்தையாகத் தெரிந்தது. தந்திக்கும் வில்லுக்கும் இடையே நடப்பதை அறிந்தவர்களுக்கு அது அவ்வளவு விந்தையாக இருந்திருக்காது.

வில்லில் கட்டப்பட்டிருப்பது குதிரைவால் முடி. அதன்மேல் பைன் மரப் பிசினிலிருந்து செய்யப்படும் ரோசின் கட்டியைத் தேய்ப்பார்கள். ரோசினின் சிறப்பு என்னவென்றால், இரு பரப்புகளும் ஒன்றையொன்று பற்றி நிற்கும்போது அவற்றுக்கிடையேயான உராய்வு மிக அதிகமாகவும், சறுக்கத் தொடங்கியவுடன் அது சட்டென்று குறைந்தும் போகும். வில் நகரும்போது தந்தி அதனுடன் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுபடுகிறது. இழுவிசை ஓர் அளவைத் தாண்டியதும் பிடி விட்டுச் சறுக்கித் திரும்புகிறது. திரும்பிய உடனே மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஒட்டலும் ஒரு முறை சறுக்கலும் நடக்கின்றன. தந்தியைத் தாங்கும் குதிரையிலிருந்து தந்தியின் நீளத்தில் பத்தில் ஒரு பங்குத் தொலைவில் வில்லை வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு நேரம் தந்தி வில்லோடு ஒட்டியிருக்கும். எஞ்சிய ஒரு பங்கு நேரத்தில் சறுக்கித் திரும்பிவிடும். வளைவில் ரயில் சக்கரம் தண்டவாளத்தின்மேல் பக்கவாட்டில் ஒட்டிச் சறுக்குவதும் இதே கதைதான்.

இந்த அசைவை நுண்ணோக்கி உத்தியால் முதலில் தெளிவாகக் கண்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்; 1863இல் வெளியான தம் நூலில் அதை விளக்கினார். கண்ணுக்கு வில்போல் வளைந்து ஆடுவதாகத் தெரியும் தந்தி, உண்மையில் இரண்டு நேர்கோடுகளாக மடிந்து, அந்த மடிப்பு மட்டும் தந்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடித் திரும்புகிறது. இதற்கு முழுமையான இயக்கவியல் கோட்பாட்டை 1918இல் எழுதியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பின்னர் கல்கத்தாவில் ஆய்வு செய்த சி.வி. ராமன். ஒளிச்சிதறலுக்காக மட்டுமே அவரைப் பாடப்புத்தகங்கள் நினைவுகூர்வது எனக்குக் குறையாகவே படுகிறது.

மடிப்பு ஓடுவதன் விளைவாகக் குதிரையின்மேல் விழும் விசையை வரைந்து பார்த்தால், அது ரம்பத்தின் பற்களைப் போல் மெல்ல ஏறிச் சட்டென்று இறங்கும். அத்தகைய அலையில் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என எல்லா மேற்சுரங்களும் கலந்திருக்கும். மீட்டிவிட்ட கிதார் தந்தியில் மேற்சுரங்கள் வேகமாக அடங்கிவிடும். செல்லோவிலோ வில் நகரும்வரை அவை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வில்லின் அழுத்தம் குறைந்தால் தந்தி ஒரே சுற்றில் இருமுறை சறுக்கி ஒலி சோகையாகிவிடும். மிகுந்தால் உரிய நேரத்தில் பிடி விடாமல் கரகரக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் அழுத்த எல்லை இருக்கிறது. வில்லைக் குதிரைக்கு அருகே கொண்டுபோகப் போக, அந்த எல்லை குறுகுவதோடு, தேவைப்படும் அழுத்தமும் ஏறுகிறது, மேற்சுரங்களும் கூர்மையாகின்றன. மெட்டல் வாசிப்பவர் குடியிருப்பது குதிரையை ஒட்டிய அந்தக் குறுகிய இடத்தின் மேல் விளிம்பில்தான். செவ்வியல் ஆசிரியர் தவிர்க்கச் சொல்லும் கரகரப்பை இவர் அளந்து பயன்படுத்துகிறார்.

இனி மின்சாரம். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஒலி அளவை முழுதாகத் திருப்பினால், மைக்செட்காரர் “ஸ்பீக்கர் கிழியுது” என்பார். ஆம்ப்ளிஃபயரால் தர முடிந்த மின்னழுத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அலையின் தலை அந்த வரம்பைத் தாண்டும்போது கத்தரித்தாற்போல் தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில், மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் தோன்றுகின்றன. அந்தக் கிழிசலைத்தான் மெட்டல் கிதாரோடு இணைத்துக் காலால் மிதிக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வேண்டுமென்றே செய்கிறது.

இரண்டு சுரங்கள் சேர்ந்து வெட்டுப்படும்போது விளைவு சுவையானது. ஷட்ஜத்தை 65, பஞ்சமத்தை 98 ஹெர்ட்ஸில் ஒன்றாக ஒலித்தால், வெட்டுப்பட்ட அலையில் அவற்றின் வேறுபாடான 33 ஹெர்ட்ஸும் கிளம்பும். அது அதே ஷட்ஜத்தின் ஒரு ஸ்தாயி கீழான சுரம். யாரும் வாசிக்காத ஷட்ஜம் அடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதிதாகப் பிறப்பவை யாவும் இந்த 33இன் மடங்குகளாகவே அமைவதால் ஒலி கனத்தாலும் குழம்பாது. பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் புதிய சுரங்கள் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்துச் சேறாகிவிடும். மெட்டல் இசை, தம்புரா நமக்குப் பழக்கிய அதே ஷட்ஜ–பஞ்சம இணையைப் பவர் கார்டு என்ற பெயரில் விடாமல் பிடித்திருப்பதற்கு இது முதன்மையான காரணம். செல்லோவின் அடுத்தடுத்த தந்திகள் பஞ்சம இடைவெளியில் சுருதி சேர்ந்தவை. எனவே ஒரே விரலை இரு தந்திகளின்மேல் குறுக்காகக் கிடத்தினால் பவர் கார்டு தயார்.

கடினமான இடம் வேகம். நிமிடத்துக்கு 200 தட்டு என்ற காலப்பிரமாணத்தில், ஒரு தட்டுக்கு நான்கு சுரம் வாசித்தால், ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 75 மில்லி விநாடி. அந்த நேரத்தில் 65 ஹெர்ட்ஸ் தந்தி ஐந்து சுற்றுகூட முழுதாக ஆடுவதில்லை. வயலினின் உச்சத் தந்தியோ ஏறக்குறைய ஐம்பது சுற்று ஆடிவிடும். கிதார் தந்தி மீட்டிய கணத்திலேயே ஒலிக்கும். செல்லோவில் ஒட்டலும் சறுக்கலும் ஒழுங்குபட ஒன்றிரண்டு சுற்று வீணானாலே சுரத்தில் பாதி இரைச்சலாகப் போய்விடும். அதனால் இளைஞர் வில்லின் அடிமுனையை, கைப்பிடிக்கு அருகிலான பகுதியை, தந்தியில் முன்கூட்டியே அழுத்திக் கடிக்கவைத்து, விரலளவு தூரம் மட்டும் வெடுக்கென்று இழுத்து அங்கேயே நிறுத்துகிறார். கிதார் கலைஞர் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி எழுப்பும் ‘சுக்-சுக்’ ஒலிக்கு ஈடாக இது அமைகிறது. நான் கேட்டவரை, தாழ்ந்த தந்தியில் அவருக்கு நான்கில் ஒரு சுரம் இன்னும் நழுவுகிறது.

தந்தியின் அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரமாக அனுப்புவது பிக்கப். மின்கிதாரில் அது காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள். எஃகுத் தந்தியின் அசைவை மட்டும் மின்னோட்டமாக்கும். இவருடைய செல்லோவில் குதிரையின் காலடியில் பீசோ பிக்கப் இருக்கிறது. அழுத்தம் மாறும்போது மின்னழுத்தம் தரும் பொருள் அது. குதிரையில் எது அதிர்ந்தாலும், வில்முடியின் சரசரப்பு உட்பட, அதில் பதிந்துவிடும். உள்ளீடற்ற மரப்பெட்டியாகிய செல்லோ, ஸ்பீக்கரின் ஒலியையும் வாங்கி அதிர்ந்து மீண்டும் பிக்கப்புக்கே கொடுப்பதால், பெடலை ஏற்றியதும் அறை முழுதும் ஊளை எழுகிறது. கல்யாண மேடையில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தால் நடப்பதே இங்கும் நடக்கிறது. மேடையில் பலர் பெட்டியே இல்லாத மின்செல்லோவுக்கு மாறுவது இதனால்தான். இவர் செலவில்லாத வழியாக, எஃப் வடிவத் துளைகளில் பழைய துணியைச் செருகியிருக்கிறார்.

துணியால் அடங்காத இன்னொரு ஊளை செல்லோவின் உடம்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான செல்லோக்களில் 165 முதல் 185 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஒரு சுரத்தில் தந்தியின் அதிர்வெண் மரப்பெட்டியின் இயல்பு அதிர்வெண்ணோடு மோதும். இரண்டும் ஆற்றலை மாறிமாறிப் பறித்துக்கொள்ள, சுரம் நடுங்கித் திக்கும். ஓநாய்ச் சுரம் என்று இதற்குப் பெயர். வயலினிலும் செல்லோவிலும் தோன்றும் இந்தச் சுரத்தைப் பற்றி ராமன் 1916இலேயே எழுதியிருக்கிறார். குதிரைக்குக் கீழுள்ள தந்திப் பகுதியில் ரப்பர் பொதிந்த சிறிய பித்தளைக் குழாயை மாட்டி, அதை முன்னும் பின்னும் நகர்த்தி அந்த நடுக்கத்தைத் தணிப்பது வழக்கம்.

இளைஞர் திருகாணியைத் தளர்த்திக் குழாயைச் சற்றே மேலே தள்ளி, வில்லை இழுத்துப் பார்த்தார், நடுக்கம் நின்றது. பெடலை மிதித்து மீண்டும் இழுத்தார். ஒலி தட்டையாக வந்தது. சிறிது யோசித்துவிட்டுக் குழாயைப் பழைய இடத்துக்கே இறக்கினார். நடுங்கும் அந்தச் சுரம் டிஸ்டார்ஷனில் நுழைந்ததும் உறுமலாகி வெளியே வந்தது. “தேவாலயத்துக்குப் போறப்ப மேல ஏத்திப்பேண்ணா” என்று சொல்லிவிட்டு, கடற்காற்றின் ஈரத்தில் நீண்டு தொய்ந்திருந்த வில்முடியை ஒரு திருகு இறுக்கினார்.